கடலைச் செடிக்குக் கம்மல்

எங்கள் ஊரில் மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை குத்துவார்கள். வில்லை இருக்கிற மாடு செத்தால் இன்சூரன்ஸ் வரும். வில்லை இல்லாத மாடு செத்தால் ஈ வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததை எல்லாம் மறந்துவிட்ட எங்கள் ஜனம் இந்த ஒரு பாடத்தை மட்டும் மறக்கவில்லை. மறந்திருந்தால் கடலைச் செடிக்குக் கம்மல் மாட்டுகிற கூத்து நடந்திருக்காது. வேங்கடாசலமும் இன்றைக்குப் பால் சென்டரில் நின்றுகொண்டு இருக்கமாட்டார்.

ஊர் என்றால் வெதுருகுப்பத்துக்கும் புத்தூருக்கும் நடுவில் ஒதுங்கிக் கிடக்கிற ஈச்சங்குப்பம். வீட்டில் தமிழ் பேசுவோம், ஆபீசில் தெலுங்கு பேசுவோம், மாட்டை இரண்டிலும் திட்டுவோம். காலையில் பால் ஊற்ற வருகிற சாக்கில் ஊரே பால் சென்டர் வாசலில் கூடிவிடும். பால் ஊற்றுவது கொஞ்ச நேரம், பேச்சு வெகு நேரம். அங்கே இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் வேங்கடாசலம் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. எழுந்திருக்கச் சொல்லவும் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அவருக்கு மேற்கே ஒரு கரும்புக் கொல்லை, கிழக்கே ஒரு கடலைக் கொல்லை. இரண்டுக்கும் நடுவில் தம்பி தனசேகரின் ஒன்றரை ஏக்கர். பாகம் பிரித்தபோது யார் செய்த புண்ணியமோ, பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட பாக்குத் துண்டு மாதிரி அது அங்கே சிக்கிக்கொண்டது. அன்றிலிருந்து வேங்கடாசலத்தின் நாக்கு அதைத்தான் துழாவிக்கொண்டிருந்தது.

தனசேகர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். வாரம் முழுக்க அங்கே, ஞாயிற்றுக்கிழமை இங்கே. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி என்பது அவன் கொள்கை. அந்தக் கொள்கையில் இருந்து அவன் ஒருநாளும் பிறழ்ந்ததில்லை. ஆகவே நிலத்தைப் பார்த்துக்கொண்டது அவன் பெண்டாட்டி பச்சையம்மாள். மார்கழியில் கடலை விதைத்திருந்தாள். முளைப்பு நன்றாக வந்திருந்தது. அதுதான் வேங்கடாசலத்துக்கு வயிற்றெரிச்சல்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில், பால் சென்டரில் ஊர் கூடியிருந்தபோது அவர் ஆரம்பித்தார்.

"பச்சையம்மா, நீ ஒண்டி ஆளா இன்னாத்துக்குக் கஷ்டப்பட்டுக்கினு கீற? நெலத்தக் குத்தகைக்கு என்னாண்ட வுட்டுடு. மூணும் சேந்தா ஒரே நீட்டு. ட்ரோன் வுட்டா இந்தக் கோடியில கிளம்பி அந்தக் கோடியில நிக்கும்."

"நான் நல்லாதானே பயிர் வெச்சிக்கினு கீறேன், மாமா?"

"வெக்கிறது யாரு வேணா வெக்கலாம். காப்பாத்தணும். பயிரக் காப்பாத்தத் தெரியாதவங்க, நெலத்தப் பக்கத்து வரப்புக்காரனுக்கு வுட்டுட்டுப் போயிடணும். இது ஊருக்கே பொது நியாயம். காணிப்பாக்கத்துப் புள்ளையார் மேல சத்தியமா சொல்றேன், எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்!"

எங்கள் ஜில்லாவில் கோர்ட்டில் பொய் சொன்னவனுக்குக்கூட காணிப்பாக்கத்தில் பொய் சொல்ல வாய் வராது. குளத்தில் முழுகி ஈரத்துணியோடு நின்று பொய்ச்சத்தியம் செய்தவன் உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை என்பார்கள். அவ்வளவு பெரிய சாமியை இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இழுத்ததும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். தனசேகரும் அன்றைக்கு இருந்தான். "அண்ணன் சொல்றது நியாயந்தான்" என்றான். கடைசியாகப் பேசியவர் அண்ணன்.

பச்சையம்மாள் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பயிர் செத்தால் நிலம் போய்விடும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நிலம் போனால், அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு இருக்கிற கொஞ்ச நஞ்ச மரியாதையும் சேர்ந்து போய்விடும் என்பது எங்களுக்கும் புரிந்தது. புரிந்து என்ன பண்ண? எங்களுக்கும் வேங்கடாசலத்தின் போர்வெல் தண்ணீர் வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் ட்ரோன் வந்தது. நட்டு முளைத்திருந்த கரும்புக்குக் களை மருந்து அடிக்க, பாகாலாவில் இருந்து யஸ்வந்த் என்கிற இளைஞன் அதை வேனில் கொண்டுவந்து இறக்கினான். வேங்கடாசலத்தின் மனைவி கிருஷ்ணம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, இறக்கைக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் அடியில் வைத்து, கற்பூரம் சுற்றினாள். அம்பாசிடர் காருக்குச் செய்ததையே ஹெலிகாப்டருக்கும் செய்வோம், ராக்கெட் வந்தாலும் செய்வோம்.

யஸ்வந்த் வானத்தைப் பார்த்தான். மேற்கில் இருந்து காற்று இழுத்துக்கொண்டிருந்தது.

"சார், காலி எக்குவகா உந்தி. காத்து ரொம்ப அடிக்குது. நாளைக்குக் காலையில அடிக்கலாம்."

"நாளைக்கு நாள் நல்லா இல்ல. இன்னைக்கும் இன்னும் கொஞ்ச நேரத்துல ராகுகாலம் பொறந்துடும். ஏத்து!"

பஞ்சாங்கத்தில் ராகுகாலம் இருக்கிறது, எமகண்டம் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது மட்டும் இல்லை. ட்ரோன் எழும்பியது. எலுமிச்சம்பழங்கள் நாலா பக்கமும் உருண்டன. மருந்து வெண்புகையாக இறங்கி, தரையைத் தொடுவதற்கு முன்னால் திரும்பி, வரப்பைத் தாண்டி, கிழக்கே போனது. அங்கே பச்சையம்மாள் கடலையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் சாரல் பட்டதும் மழை என்று நிமிர்ந்து பார்த்தவள், நாற்றம் தெரிந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அன்று சாயங்காலமே வேங்கடாசலத்திடம் போய்க் கேட்டாள். அவர் செல்போனைத் திறந்து காட்டினார்.

"தோ பாரு மேப்பு. என் ட்ரோன் வரப்பத் தாண்டிச்சா?"

"ட்ரோன் தாண்டல மாமா. மருந்து தாண்டிச்சி."

"அப்போ காத்து மேல கேஸ் போடு."

மறுநாள் அவள் ஒரு கடலைச் செடியை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு மண்டல ஆபீசுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். எனக்கு அங்கே வேறு வேலை இருந்தது. இல்லாவிட்டால் போயிருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை. விவசாய அதிகாரி கிரண்குமார் செடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏமம்மா, இலை பச்சகா உந்தி கதா? பச்சையா இருக்கிற செடிக்கு என்ன நஷ்டம்?"

"மருந்து பட்டுச்சி சார். எம் மேலயே பட்டுச்சி."

"நீங்களும் நல்லாத்தானே இருக்கீங்க?"

செடி மஞ்சளானால் வரச் சொன்னார். மஞ்சளானால் மட்டும் போதாது, காய வேண்டும் என்றார். காய்ந்தாலும் மூன்றில் ஒரு பாகத்துக்குக் குறையாமல் காய வேண்டும் என்றார். அப்படிக் காய்ந்தாலும் வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி, யானை, இதில் ஏதாவது ஒன்றால் காய்ந்திருக்க வேண்டும். பக்கத்துக் கொல்லை மருந்துக்கு அவருடைய கம்ப்யூட்டரில் கட்டமே இல்லை.

"யானை மிதிச்சிருந்தா இப்பவே எழுதியிருப்பேன்" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

அந்த அறையின் மூலையில் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் காலையில் இருந்து உட்கார்ந்திருந்தாள். திருப்பதியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற ஹர்ஷினி. களை மருந்து தவறிப்போய் வேறு பயிர் மேல் பட்டால் இலைக்குள் என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய படிப்பு. மருந்து பட்ட கொல்லை ஒன்று வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். கிரண்குமாருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். "இந்தம்மாவுக்கு சாட்சி இல்லை, உனக்குக் கொல்லை இல்லை. இத்தரு வெள்ளண்டி, ரெண்டு பேரும் கிளம்புங்க" என்று இரண்டு பேரையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டு டீ சொன்னார்.

ஹர்ஷினி மறுநாளே வந்தாள். பெட்டியில் ஒரு சின்ன மெஷினும், விரல் நுனி அளவுக்கு வெள்ளை கிளிப்புகளும் இருந்தன. கரும்பு வரப்பில் ஆரம்பித்து, கிழக்கே போகப் போக, கடலை இலைகளில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போனாள். பச்சையம்மாளின் கொல்லை முடிந்து, அப்பால் இருந்த வேங்கடாசலத்தின் கடலையிலும் நாலு மாட்டினாள். மருந்து படாத நல்ல செடி எப்படி இருக்கும் என்று ஒத்துப் பார்க்க அது தேவையாம்.

"இன்னாத்துக்கும்மா கிளிப்பு?" என்றாள் பச்சையம்மாள்.

"கிளிப்புக்குள்ள இருட்டு, அக்கா. இலையை அரை மணி நேரம் தூங்க வெச்சிட்டு, சட்டுனு ஒரு வெளிச்சம் அடிப்பேன். நல்ல இலையா இருந்தா அந்த வெளிச்சத்தை வாங்கி வேலைக்கு அனுப்பிடும். வேலை நடக்கலைன்னா திருப்பி விட்டுடும். திரும்பி வர்றது நம்ம கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும்."

"பச்சையாத்தானே கீது? அப்புறம் ஏன் வேலை நடக்கல?"

ஹர்ஷினி கொஞ்சம் யோசித்தாள்.

"கல்யாணப் பந்தி மாதிரி வெச்சிக்கங்க. சூரியன்தான் சமையல்காரர். அவர் கொடுக்கிறதை ஒருத்தர் வாங்கி, அடுத்தவர் கையில கொடுத்து, அவர் அடுத்தவர் கையில கொடுத்து, கடைசியில செடிக்குச் சோறு போகணும். இந்த அட்ராசின் மருந்து என்ன பண்ணும்னா, நடுவுல ஒருத்தர் உட்கார்ற இடத்துல போய் அதுவே உட்கார்ந்துக்கும். வாங்காது, கொடுக்காது, எழுந்திருக்காது."

பச்சையம்மாள் ஒரு கணம் ஊர்ப்பக்கம், பால் சென்டர் இருக்கிற திசையில் பார்த்தாள். "புரியுது" என்றாள்.

"சமையல்காரர் நிறுத்த மாட்டாரே? வெயில் வந்துக்கினே இருக்கும். வாங்க ஆள் இல்லாம அது அங்கயே கொட்டி இலையைப் பொசுக்கிடும். அப்பதான் மஞ்சளாகும். ஆபீசர் கண்ணுக்கு அப்பதான் தெரியும்."

"கரும்பு மட்டும் சாவலியே?"

"கரும்பும் மக்காச்சோளமும் அந்த மருந்தை உள்ளுக்குள்ளேயே உடைச்சிடும், அக்கா. கடலைக்கு அந்த வித்தை தெரியாது."

மெஷின் கணக்கில், நல்ல இலைக்குப் பாயிண்ட் எட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். கரும்பு வரப்போரம் இருந்த செடிகள் பாயிண்ட் மூன்று காட்டின. நடுக்கொல்லையில் ஐந்து, ஆறு. கிழக்கே போகப் போக ஏறிக்கொண்டே போய், அந்தக் கோடியில், வேங்கடாசலத்தின் கடலையில் பாயிண்ட் எட்டு இரண்டு. மருந்து எங்கிருந்து கிளம்பி எந்தப் பக்கம் போனது என்று செடிகளே வரிசையாக நின்று சாட்சி சொல்லிவிட்டன. ஆனால் செடியின் சாட்சியை எந்த ஆபீசில் எடுப்பார்கள்?

"பொழைக்குமா?" என்றாள் பச்சையம்மாள்.

"வரப்போரம் நாலு சால் கஷ்டம். மத்தது, புது இலை விட்டா தேறிக்கும். உரம், டானிக்னு எதையும் ஊத்தாதீங்க. தண்ணி காட்டிட்டுப் பொறுத்திருங்க."

பொறுத்திருப்பதைப்போலக் கஷ்டமான விவசாயம் வேறு இல்லை. அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இதற்குள் ஊரில் வேறு பயிர் முளைத்துவிட்டது. கிளிப் மாட்டியதை முதலில் பார்த்தவன் யார் என்று தெரியாது. மாட்டுக்கு வில்லை குத்துவதை நினைத்துக்கொண்டவன் யார் என்றும் தெரியாது. மறுநாள் காலை பால் சென்டரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. கடலைக்கு இன்சூரன்ஸ் வருகிறது. கம்மல் மாட்டிய செடி செத்தால் பணம். கம்மல் இல்லாத செடி செத்தால் மாட்டுக்குத் தீனி.

ஹர்ஷினி தலையால் அடித்துக்கொண்டாள். "இது இன்சூரன்ஸ் இல்லைங்க. என் படிப்புக்கு அளக்கிறேன், அவ்வளவுதான்" என்று தமிழில் சொன்னாள். "இன்சூரன்ஸ் காது, ஒட்டி கொலத்த மாத்ரமே" என்று தெலுங்கிலும் சொன்னாள். ஒரு பாஷையில் மறுத்திருந்தால் நம்பியிருப்போம். இரண்டு பாஷையில் மறுக்கிற அளவுக்கு இருந்தால் தொகை பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினோம். நல்ல சேதியை எங்களிடம் எந்த ஆபீசும் முதலில் ஒத்துக்கொண்டதே இல்லை.

அப்புறம் அவள் எங்கே போனாலும் பின்னால் பத்துப் பேர். என் கொல்லைக்கு வா, உன் கொல்லைக்கு வா என்று இழுபறி. பாவம், அந்தப் பெண் முகத்துக்கு அஞ்சி நாலைந்து கொல்லைகளில் அளந்தாள். எண் குறைவாக வந்தால் சேதம் அதிகம் என்பது மட்டும் எங்களுக்குத் தெளிவாகப் புரிந்தது. பிள்ளைகளுக்கு மார்க் குறைந்தால் பெல்ட்டைக் கழற்றுகிற அப்பன்கள், தங்கள் கடலைக்கு மார்க் குறைய வேண்டும் என்று சாமிக்குக் காசு முடிந்து வைத்தார்கள். என் கடலைக்குப் பாயிண்ட் ஏழு எட்டு வந்தது. வீட்டில் இரண்டு நாள் என்னோடு யாரும் பேசவில்லை.

வேங்கடாசலத்துக்குத்தான் இடி. ஊரிலேயே அதிகம் அவருக்கு. பாயிண்ட் எட்டு இரண்டு.

"எனக்கு எட்டா? பச்சையம்மாவுக்கு மூணு, எனக்கு எட்டா?" நாற்காலியில் இருந்தபடியே அவர் அதன் கையைத் தட்டினார். "ஏம்மா, உன் மெஷினு ஆளப் பாத்து நம்பர் போடுமா?"

"எட்டு நல்லதுங்க! உங்க செடிதான் ஊர்லயே ஆரோக்கியமான செடி."

"எனக்கு எவளும் ஆரோக்கியம் சொல்லத் தேவையில்ல. நஷ்டத்த எழுது."

அவள் எழுதவில்லை. பதினைந்து நாள் கழித்து இரண்டாம் தடவை அளக்க வருவேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினாள். எங்கள் ஜனத்துக்கு அது போதும். இரண்டாம் தடவை என்றால் பெயர் சேர்க்கிற தடவை.

அவள் போன பிறகு ஊரில் கொடிக்கயிறுகள் காலியாயின. கிளிப்பு என்றால் கிளிப்புத்தானே? துணிக்குப் போடுகிறதைச் செடிக்குப் போட்டார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று கடலைக் கொல்லைகள் எல்லாம் காளஹஸ்தித் தேர்க் கடை மாதிரி ஜொலித்தன. காற்றடித்த ஒரு மதியம் கிருஷ்ணம்மாவின் புடவை பறந்துபோய் மின்கம்பத்தில் மாட்டிக்கொண்டது. "கம்மல் போட்டுக்கினு செடி நிக்குது, கட்டிக்கப் புடவை இல்லாம நான் நிக்கிறேன்" என்று அவள் வீதியில் நின்று கத்தினாள்.

வேங்கடாசலம் கம்மலோடு நிறுத்தவில்லை. கம்மல் மாட்டின மாடு சும்மா நின்றால் பணம் வருமா? சாக வேண்டும். அவர் கணக்கு அவ்வளவு சுத்தம். மிச்சம் இருந்த களை மருந்தை எடுத்தார். போதாதென்று இன்னும் ஒரு டப்பா வாங்கினார். ட்ரோனைக் கூப்பிட்டால் வெளியே தெரிந்துவிடும் என்று முதுகில் கைத்தெளிப்பானை மாட்டிக்கொண்டு, தம்முடைய பாயிண்ட் எட்டு இரண்டின் மேல் தாமே அடித்தார். அன்று காற்றே இல்லை. ஒரு சொட்டுகூட வீணாகாமல் அவர் செடி மேலேயே இறங்கியது. காற்றில்லாத நேரம் பார்த்து மருந்து அடிப்பது எப்படி என்று அவருக்கு அன்றைக்குத்தான் கைவந்தது. அடித்த கையோடு தண்ணீரும் கட்டினார், வேருக்கும் போகட்டும் என்று.

ஊருக்குத் தெரியாது என்று அவர் நினைத்தார். வரப்பில் நின்று பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர். யாரும் தடுக்கவில்லை. பாவி இன்சூரன்ஸை முழுசாகத் தட்டிக்கொண்டு போகிறானே என்று எங்களுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்தப் பதினைந்து நாளும் பச்சையம்மாள் பட்ட பாடு எனக்குத் தெரியும், தெற்குப் பக்கத்துக் கொல்லைக்காரன் நான். வரப்போரம் இலைகள் ஓரத்தில் இருந்து மஞ்சளாகி, பிறகு காய்ந்து சுருண்டன. மஞ்சள் கிழக்கே நகருகிறதா என்று அவள் தினமும் காலையில் குனிந்து குனிந்து பார்ப்பாள். உரக்கடைக்காரர் டானிக் கொடுத்தார், வேண்டாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்த தனசேகர், "அண்ணனாண்ட வுட்டுடலாமா?" என்றான். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கட்டப் போனாள். அன்று மதியம் சால் நடுவே உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். போய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மடைக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டேன்.

ஹர்ஷினி சொன்ன நாளில் வந்தாள். பச்சையம்மாளின் நடுக்கொல்லையில் கொழுந்தாக விட்டிருந்த இலையில் கிளிப்பை மாட்டி, அரை மணி காத்திருந்து, வெளிச்சம் அடித்தாள். மெஷினைப் பார்த்தாள். இன்னொரு செடியில் அடித்தாள்.

"அக்கா, பாயிண்ட் ஏழு ஒன்பது!"

பச்சையம்மாளுக்கு எண் எல்லாம் வேண்டியிருக்கவில்லை, அந்தப் பெண்ணின் முகமே போதும். ஹர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "துன்னுட்டுப் போம்மா, சோறு துன்னுட்டுப் போ" என்றாள் திரும்பத் திரும்ப.

அப்புறம் ஹர்ஷினி ஒத்துப் பார்க்கிற நல்ல செடிக்காகக் கிழக்கே போனாள். போய் நின்றவள், நின்றுவிட்டாள். கொல்லை முழுக்கக் காய்ந்த சருகு. அதில் கலர் கலராகத் துணிக் கிளிப். நடுவில் வேங்கடாசலம், கல்யாண வீட்டில் வாசலில் நிற்கிறவர் மாதிரி கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"இப்போ அள!"

உயிரோடு இருந்த ஒன்றிரண்டு இலையைத் தேடிப் பிடித்து அளந்தாள். பாயிண்ட் ஒன்று.

"ஊர்லயே கம்மி நான்தானே?" என்றார் அவர்.

"நீங்கதான்" என்றாள் ஹர்ஷினி மெதுவாக. "என்ன அடிச்சீங்க?"

அவர் பெருமையாக மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னார். மெஷின்காரி நம்ப வேண்டுமே என்று டப்பாவையும் காட்டினார். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். முதலில் அவள் கண் கலங்கித்தான் இருந்தது, அவ்வளவு நல்ல செடி. எழுத எழுத முகம் மாறிக்கொண்டு வந்தது.

"ஐயா, முழு டோசுக்கு மேல மருந்து அடிச்ச கடலைக் கொல்லை ஒண்ணு இருந்தா என் ஆராய்ச்சி முழுசாகும்னு எங்க சார் சொல்லிக்கினே இருந்தார். எந்த விவசாயி ஒத்துப்பார்? கேட்கவே எனக்கு வாய் வரலை. நீங்களா அடிச்சிட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்ங்க."

"தேங்க்ஸ் இருக்கட்டும். இன்சூரன்ஸ் எப்போ வரும்?"

"எந்த இன்சூரன்ஸ்?"

அப்போதும் அவர் நம்பவில்லை. மண்டல ஆபீசுக்கே போனார். கிரண்குமார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏனுகு வச்சிந்தா? யானை வந்துச்சா?"

பங்குனியில் பச்சையம்மாள் கடலை பிடுங்கினாள். வரப்போரம் நாலு சாலில் பருப்பில்லாத பொக்குதான். மிச்சம் எல்லாம் கொத்துக் கொத்தாக வந்தது. வேங்கடாசலம் அந்தப் பக்கமே வரவில்லை. சருகை மடக்கி உழுதுவிட்டு, மாமூலாகப் பால் சென்டர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார். செத்த பயிரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறக்கிற ஆள் கேனோடு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்னால் தனசேகரும் வந்தான்.

பச்சையம்மாள் பாலை ஊற்றினாள். கேனைக் கீழே வைத்தாள்.

"மாமா, பொங்கல் கழிச்சி இங்கதான் ஒரு நியாயம் சொன்னீங்க. பயிரக் காப்பாத்தாதவங்க, பக்கத்து வரப்புக்கு நெலத்த வுட்டுடணும்னு. உங்க கடலைக்கொல்லைக்குப் பக்கத்து வரப்பு நான்தான்."

பால் அளக்கிறவன்கூட அளப்பதை நிறுத்திவிட்டான்.

"அது பேச்சுக்குச் சொன்னதும்மா" என்றார் வேங்கடாசலம்.

"காணிப்பாக்கத்துப் புள்ளையார் மேல சத்தியமா, எனக்கும் சேத்துத்தான்னு சொன்னீங்களே? சரி மாமா, பரவால்ல. வாங்க, காணிப்பாக்கம் போலாம். கொளத்துல முழுகிட்டு, 'சாமி, நான் பேச்சுக்குத்தான் சொன்னேன்'னு அவரு எதிர்லயே சொல்லிடுங்க. நான் வுட்டுடறேன்."

வேங்கடாசலம் எங்களைப் பார்த்தார். நாங்கள் மாடுகளைப் பார்த்தோம். தம்பியைப் பார்த்தார். தனசேகர் அண்ணன் முகத்தைப் பார்த்தான், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். கொள்கைக்காரன், கடைசியாகப் பேசியது யார் என்று யோசித்தான்.

"பச்சையம்மா சொல்றது நியாயந்தாண்ணே."

அவன் வாழ்க்கையில் அந்தக் கொள்கை முதல் தடவையாகப் பிரயோஜனப்பட்டது. கூட்டத்தில் இருந்து கிருஷ்ணம்மாவின் குரலும் வந்தது. "குடுத்துத் தொலையேன். அங்க இனிமே இன்னா வெளையப் போவுது?"

அதைக் கேட்டதும் வேங்கடாசலத்துக்கு உயிர் திரும்பியது. அவர் சிரித்தார்.

"எடுத்துக்கோ. ஒரு பட்டத்துக்கு எடுத்துக்கோ. அதுல இன்னா போடுவ? கடலை போட்டா மொளச்ச கையோட சாவும். மருந்து இன்னும் மண்ணுல கீதுன்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டுப் போச்சி."

"கடலை போடல மாமா. மக்காச்சோளம் போடறேன்." பச்சையம்மாள் கேனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். "சோளத்த அந்த மருந்து ஒண்ணும் பண்ணாதாம். களைய மட்டுந்தான் மொளைக்க வுடாதாம். அதான் நீங்களே மருந்து வாங்கி, நீங்களே முதுவுல மாட்டிக்கினு, ஒரு மூலை வுடாம அடிச்சி வெச்சிருக்கீங்களே. இந்தப் பட்டம் எனக்குக் களை எடுக்கிற வேலையே இல்ல."

வேங்கடாசலம் எழுந்து நின்றார். யாரும் சொல்லாமல்தான்.